கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது: எதை ஊற்றுவது, எந்தத் தண்ணீரில் கலப்பது?

கோரையாறு (திருத்துறைப்பூண்டி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டில் பதிவான, ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ரேடியேட்டரின் தலையிலேயே மூடி இருக்கும் அமைப்பு. அதன் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் பக்கத்தில் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகிறது. வெப்பத்தைக் காட்டும் முள் இந்த வண்டியில் கிடையாது. சூடு எல்லை மீறினால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

கோடை தொடங்கியதிலிருந்து ரேடியேட்டரில் மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுக்கூடத் தெரிவதில்லை. சென்ற வாரம் தஞ்சாவூர் போய்த் திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எல்லோருக்கும் நேர்வது எனக்கும் நேர்ந்தது. கேட் மூடி, வரிசை நீண்டு, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, உச்சி வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அப்போதுதான் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே எஞ்சினை அணைத்தேன். கேட் திறந்த பின் ஏ.சி.யைப் போடாமல் ஓட்டியபோது, வீடு வந்து சேரும் வரை விளக்கு மறுபடி எரியவில்லை. மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால், ரேடியேட்டருக்குள் விரலை விட்டாலும் ஈரம் படவில்லை. ஆனால் பக்கத்து டப்பாவில் ஃபுல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது. டப்பாவில் இருப்பதும் பழுப்பாகக் கலங்கிக் கிடக்கிறது. முன்பு வைத்திருந்தவரைக் கேட்டபோது, குறையும்போதெல்லாம் வீட்டுப் போர் தண்ணீரையே ஊற்றி வந்ததாகச் சொன்னார்.

இங்கே ஒரு பட்டறையில் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில், பானட்டைத் திறக்காமலேயே ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்கும் அதன் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும் என்றார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறத்தில் புட்டிகளை எடுத்து வைத்து, எது வேண்டும் என்று என்னையே கேட்கிறார்கள். அவற்றில் சில தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டியவை, சில அப்படியே ஊற்றக்கூடியவை. எங்கள் பகுதிப் போர் தண்ணீர் உப்பு. குழாயில் வருவது கொள்ளிடம் கூட்டுக் குடிநீர். அதைக் கலக்கலாமா, அல்லது கேன் தண்ணீர்தான் வேண்டுமா? நம் ஊரில் எதுவும் உறைந்துபோகப் போவதில்லை என்னும்போது கூலன்ட் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்பும் வேலையை வீட்டிலேயே செய்ய முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பட்டறைத் திண்ணை (மன்னார்குடி):

தம்பி, எதை ஊற்றுவது என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், ஊற்றியது எங்கே போகிறது என்று வண்டியிடம் கேட்க வேண்டும். உங்கள் பதிவிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ரேடியேட்டர் காலியாகவும் டப்பா நிறைந்தும் இருப்பது ஒன்றுக்கொன்று முரணான செய்தியல்ல; இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தைச் சுட்டுகின்றன.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பெரிய ஸ்பிரிங் ஒன்றும் ரப்பர் வளையமும் இருக்கும். அதன் நடுவில் சிறிய வால்வு ஒன்று தனியாக இருக்கும். பெரிய ஸ்பிரிங்கின் வேலை, சூடாகி விரியும் கூலன்ட்டை அழுத்தத்தோடு உள்ளே பிடித்து வைப்பது. அழுத்தம் மூடியில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டினால் (பல சிறிய கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும்) மிகுதியானது மெல்லிய ஹோஸ் வழியாக டப்பாவுக்குப் போய்விடும். எஞ்சின் ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி வெற்றிடம் உண்டாகிறது. அப்போது நடுவில் உள்ள சிறிய வால்வு திறந்து, டப்பாவுக்குப் போனதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டியில் போவது போகிறது, திரும்பி வருவதில்லை. டப்பா நிறைந்ததும் அதன் மேல்வழியாக ஓடும்போதே சாலையில் சிந்திவிடுகிறது. வீட்டில் நிற்கும்போது தரை காய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

திரும்பி வராததற்கு இரண்டு எளிய காரணங்கள் உண்டு. ஒன்று, அந்தச் சிறிய வால்வு துருவும் படிவும் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். மற்றொன்று, மெல்லிய ஹோஸில் வெடிப்போ ஓட்டையோ இருக்கலாம். அப்படியிருந்தால் எஞ்சின் ஆறும்போது கூலன்ட்டுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அந்த ஹோஸை ரேடியேட்டர் கழுத்தில் மாட்டியிருக்கும் இடத்திலும், டப்பாவுக்குள் அடிவரை இறங்குகிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். நிறுத்தி வைத்த வண்டியின் பானட்டுக்குள் புகுந்து ரப்பரைக் கடிப்பது நம் பக்கத்தில் எல்லாப் பட்டறைகளிலும் பார்க்கிற சங்கதிதான்.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அதுதான் ஹெட் கேஸ்கட். கேஸ்கட் விட்டுப்போனால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைந்து, அதைத் தள்ளி டப்பாவை நிரப்பும். ஆகவே அவர்கள் சொன்னது முற்றிலும் தவறென்று சொல்லமாட்டேன். பார்க்காமல் சொன்னதுதான் தவறு. இதைப் பிரித்தறிவது கடினமல்ல. குளிர்ந்த எஞ்சினைக் காலையில் கிளப்பிய ஒரு சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா, ஓடும் எஞ்சினில் டப்பாவுக்குள் குமிழி இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கிறதா, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை நிறத்தில் ஏதும் படிந்திருக்கிறதா, எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால் கேஸ்கட் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் தீர வேண்டுமானால், நல்ல பட்டறையில் கைப்பம்பு ஒன்றை மூடியிருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்து, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். அப்போது தேடவேண்டிய இடங்கள்: ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள கசிவுத் துளை. முன் இருக்கைக் கால்விரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் பிசுக்குப் பனி படிந்தால் ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர் கசிகிறது என்று கொள்ளலாம்.

ரயில்வே கேட் விஷயம் தனி. ஓடும்போது ஏறாத சூடு நிற்கும்போது ஏறுகிறது என்றால், கூலன்ட் குறைவு மட்டுமல்லாமல் ஃபேனையும் பார்க்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டதும் முன்னால் இருக்கும் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போதுதான் சூடு ஏறுகிறது என்றால் உள்ளே அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கோளாறு.

ரேடியேட்டரை மாற்றுவது கடைசி வேலை. மூடியும் ஹோஸும் முதல் வேலை. அவற்றின் விலையும் மிகக் குறைவு.

வேதியியல் ஆசிரியர் (நாகப்பட்டினம்):

மேலே உள்ள பதிலில் பழுதைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் கடலோர டெல்டாவில் இந்தக் கேள்விதான் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கூலன்ட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். அதனோடு துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் சிறிதளவும், ஒரு சாயமும் சேர்ந்திருக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 பாகை செல்சியஸ் வரை உறையாது என்பது நமக்கு வேண்டாத தகவல். நமக்கு வேண்டியது மறுமுனை. அதே கலவை திறந்த பாத்திரத்தில் 107 பாகை அளவில்தான் கொதிக்கும், 0.9 என்று குறித்த மூடியின் அழுத்தத்துக்குள் சுமார் 125 பாகை வரை தாங்கும். வெறும் தண்ணீர் அதே மூடிக்குள் 118 பாகை அளவில் கொதித்துவிடும். மூடி பழுதாகி அழுத்தம் நிற்காவிட்டால் அதுவும் 100 பாகைக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில், வெப்பத்தை ஏந்திச் செல்லும் திறனில் வெறும் தண்ணீரே மேலானது என்பதையும் சொல்லவேண்டும். பாதிக்குப் பாதி கலவையின் வெப்பக் கொள்ளளவு அதைவிடப் பதினைந்து முதல் இருபது விழுக்காடு வரை குறைவு. எனவே கெட்டியாக ஊற்றினால் நன்றாகக் குளிரும் என்று எண்ணி, தண்ணீர் கலக்கவேண்டிய புட்டியை அப்படியே கவிழ்ப்பவர்கள் எதிர்மறையான பலனையே பெறுகிறார்கள்.

உறைவது பற்றிய கவலை இல்லாத ஊரிலும் கூலன்ட் தேவைப்படுவது, பெரும்பாலும் அதில் உள்ள துருத் தடுப்பிகளுக்காகத்தான். இன்றைய சிறிய கார்களில் ரேடியேட்டர் அலுமினியம். எஞ்சினின் தலைப்பகுதியும் அலுமினியம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். தண்ணீரில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவுக்குத் துளைத்து, அந்த இடத்தில் குழி பறிக்கத் தொடங்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்றுக்கொள்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரைகூட அனுமதிக்கிறது. மனிதர் குடிக்கலாம் என்பதற்காக அலுமினியமும் தாங்கும் என்று கொள்ள முடியாது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, வேளாங்கண்ணிப் பக்கத்துப் போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே அதில் குளோரைடு எவ்வளவு இருக்கும் என்பது விளங்கிவிடும்.

அடுத்தது கடினத்தன்மை. தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடானால் சுண்ணாம்புப் படிவாக மாறி, எஞ்சினில் எங்கே அதிகச் சூடோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிய, கொரிய நிறுவனங்களின் கூலன்ட்டில் பொதுவாகப் பாஸ்பேட் வகைத் தடுப்பிகள் இருப்பதால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அவற்றைக் கடின நீரில் கலந்தால், பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாக வெளியேறிவிடும். அப்போது படிவும் உண்டாகிறது, தடுப்பியும் தீர்ந்துபோகிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்துச் சிலிகேட் பக்கம் போனதற்கு அங்குள்ள கடின நீர் ஒரு காரணம். ஆகவே நல்ல கூலன்ட்டை வாங்கி உப்புப் போர் தண்ணீரில் கலப்பது, மலிவான கூலன்ட்டை வாங்குவதைவிட மோசம்.

முன்பு வைத்திருந்தவர் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றினார் என்கிறீர்கள். வேதாரண்யம் உப்பளத்தில் நடப்பதே அந்த எஞ்சினுக்குள் நடந்திருக்கிறது: தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது, மேலே மீண்டும் உப்புத் தண்ணீர் சேர்கிறது. அந்தப் பழுப்பு நிறம் எஞ்சினின் இரும்புப் பகுதிகளிலிருந்து வந்த துரு.

கொள்ளிடத் தண்ணீர் கடலோரப் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல் என்றாலும் அதிலும் கால்சியமும், கிருமி நீக்கக் கலந்த குளோரினும் உண்டு. கேன் தண்ணீரில் உப்பு குறைவு. ஆனால் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும், சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு அது போதும். முறையாக நிரப்பும்போது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிவிடுங்கள். எல்லா பேட்டரிக் கடைகளிலும் கேனில் கிடைக்கிறது. வாங்கும்போது தண்ணீர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் அதே கடையில் ஆசிட் கலந்த பேட்டரி நீரும் அதே போன்ற கேனில் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரை டிஸ்டில்டு வாட்டரில் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். நிறம் என்பது சாயம், தரக் குறியீடு அன்று. டொயோட்டா இளஞ்சிவப்பு தருகிறது, ஹோண்டா நீலம் தருகிறது. இரண்டிலும் துருத் தடுப்பி பாஸ்பேட் சேர்ந்த கரிம அமில வகையே. பச்சையாக இருப்பது இரண்டாண்டில் மாற்றவேண்டிய பழைய வகையாகவும் இருக்கலாம், நீண்ட ஆயுள் வகையாகவும் இருக்கலாம். வண்டியின் கையேட்டில் எந்த வகை சொல்லியிருக்கிறதோ அதைப் புட்டியின் பின்புறம் தேடுங்கள். ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234 போன்ற தர எண் எதுவும் போடாமல் வெறுமனே கூலன்ட் என்று மட்டும் அச்சிட்ட புட்டியை நான் வாங்குவதில்லை.

குடமுருட்டிக் கரை (பாபநாசம்):

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தகப்பனார் அம்பாசிடர் வைத்திருந்தார். குடமுருட்டியில் இறங்கிக் குடத்தில் மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றுவார். கூலன்ட் என்ற பெயரையே அவர் கேட்டதில்லை. பல ஆண்டுகள் அந்த வண்டி குறையில்லாமல் ஓடியது.

வேதியியல் ஆசிரியர் (நாகப்பட்டினம்):

ஐயா, ஓடியிருக்கும், அதில் ஐயமில்லை. அம்பாசிடரின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். எஞ்சின் கனத்த வார்ப்பிரும்பு. குழாய்கள் அகலம், ஓடும்போது ஏறும் சூடும் குறைவு. அடைத்துக்கொண்டால் பட்டறையில் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்து மூடிவிடுவார்கள். தாங்கள் சொல்லும் ஆற்று நீரும் கடலோரப் போர் தண்ணீரைப் போல உப்பானதன்று. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய் தட்டையாக, மிகக் குறுகலாக இருக்கும். அதைப் பிரிக்கவும் முடியாது, ஈயம் வைக்கவும் முடியாது.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி):

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மன்னார்குடி அண்ணன் சொன்னபடி பார்த்தேன். மெல்லிய ஹோஸ் ரேடியேட்டர் கழுத்தில் மாட்டும் இடத்துக்குக் கீழே, பார்வைக்குப் படாத அடிப்பக்கத்தில், பல் பட்ட தடத்தோடு கிழிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் முழுதாகத்தான் தெரிந்தது. விரலை அடியில் விட்டபோதுதான் அகப்பட்டது. மூடியின் ரப்பரும் இறுகி விளிம்பில் வெடித்திருக்கிறது. நடுவில் உள்ள வால்வை நகத்தால் இழுத்தால் அசையவே இல்லை. காலையில் எஞ்சினைக் கிளப்பியபோது ஹோஸ் இறுகவில்லை, டப்பாவில் குமிழியும் வரவில்லை, ஆயில் மூடியும் சுத்தமாக இருக்கிறது. பட்டறையில் அழுத்தம் கொடுத்துப் பார்த்ததில் முள் இறங்கவில்லை. ஏ.சி. போட்டால் ஃபேன் சுழல்கிறது.

ஹோஸையும் மூடியையும் மாற்றிவிட்டேன். இனி, பழுப்புத் தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா. உள்ளே காற்று தங்கிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பட்டறைத் திண்ணை (மன்னார்குடி):

நல்லது தம்பி. இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடிந்ததும் தொடங்குங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியில் கையே வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் திறந்த கணத்தில் கொதித்து முகத்துக்கு எழும்பும். ஆறிவிட்டது என்று தோன்றினாலும், மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அது மெத்தென்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, கனத்த துணியை மூடியின் மேல் போட்டு முதல் தடை வரை திருப்பி, சற்றுப் பொறுத்து, பிறகு அமுக்கித் திருப்பி எடுங்கள்.

ரேடியேட்டரின் அடியில் பிளாஸ்டிக்கில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அடியில் அகலமான பேசினை வைத்து அதைத் தளர்த்துங்கள். பழைய பிளாஸ்டிக் என்பதால் ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம்; கை பலம் போதும், திரும்ப மூடும்போதும் அப்படியே. டப்பாவைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டரை மட்டும் நிரப்பி, உள்ளே ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, இறக்குங்கள். ஹீட்டரை ஏன் வைக்கச் சொல்கிறேன் என்றால், சில வண்டிகளில் அதைத் திறந்தால்தான் அந்தப் பக்கத்துக் குழாயில் இருக்கும் அழுக்கும் வெளியே வரும். இறங்குவது தெளிவாகும் வரை இதைத் திரும்பச் செய்யவேண்டும். உங்கள் வண்டி இருக்கும் நிலையில் இதற்கு ஒரு நாள் பிடிக்கும். அவசரப்பட்டுச் சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினியத் தலை வளைந்துவிடும். கடையில் விற்கும் ஆசிட் கழுவல் எதையும் போடச் சொல்லமாட்டேன். இத்தனை ஆண்டுப் படிவை அது ஒரேயடியாகக் கரைத்தால், படிவு அடைத்து வைத்திருந்த ஓட்டைகளெல்லாம் வாய் திறக்கும்.

இப்போது பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வடிகால் திருகைத் திறந்தால் ரேடியேட்டரில் இருப்பதுதான் இறங்கும். எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒரு பங்கு தங்கிவிடும். கழுவிய பிறகு அங்கே தங்கியிருப்பது வெறும் தண்ணீர். அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்து வந்த ரெடிமேட் கூலன்ட்டை ஊற்றினால், கலவை நீர்த்துப்போய்த் துருத் தடுப்பியும் குறைந்துவிடும். அதனால் கழுவி நிரப்பும்போது மட்டும், தண்ணீர் கலக்கவேண்டிய கெட்டிக் கூலன்ட்டை வாங்குவது மேல். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள். பேச்சுக்கு 4 லிட்டர் என்றால், அதில் பாதியான 2 லிட்டர் கெட்டிக் கூலன்ட்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால், உள்ளே தங்கியது எவ்வளவாக இருந்தாலும் கடைசியில் கணக்குச் சரியாக வந்துவிடும். புட்டியில் ஒன்றுக்கு மூன்று என்று கலக்கச் சொல்லியிருந்தால் அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

ஊற்றும்போது மெதுவாக, நூல் பிடித்தாற்போல ஊற்ற வேண்டும். முன்சக்கரம் சற்று மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தினால் காற்று மூடியை நோக்கி ஏறும். கழுத்து வரை நிரம்பியதும், மூடியைப் போடாமல், ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினைக் கிளப்புங்கள். ஏ.சி.யை ஏன் அணைக்க வேண்டும் என்றால், அது ஓடினால் ஃபேனும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். சூட்டால்தான் ஃபேன் சுழல்கிறதா என்று தெரியாது. முதலில் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. தெர்மோஸ்டாட் 82 முதல் 88 பாகைக்குள் திறக்கும். திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும், குமிழிகள் பொத்துப்பொத்தென்று மேலே வரும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு குமிழி வரும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்து, ஃபேன் இரண்டு முறை தானே சுழன்று தானே நின்றால் காற்று வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். எஞ்சின் சூடேறியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருமானால் உள்ளே இன்னும் காற்று அடைத்திருக்கிறது. அதை அலட்சியம் செய்யக் கூடாது, ஏனென்றால் வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் முங்கியிருக்காமல் காற்றில் நின்றால் சிவப்பு விளக்கே எரியாமல் எஞ்சின் வெந்துபோகும்.

பிறகு எஞ்சினை அணைத்து, மூடியைப் போட்டு, டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்குமாறு ஊற்றுங்கள். மன்னார்குடி வரை ஒருமுறை ஓட்டிவிட்டு, மறுநாள் காலை பாருங்கள். டப்பாவில் சற்று இறங்கி, ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்திருந்தால் மூடி உறிஞ்சுகிறது என்று பொருள்.

வெண்ணாற்றுப் பாசனம் (நீடாமங்கலம்):

இதோடு சேர்த்து இரண்டு விஷயங்கள்.

எங்கள் பக்கத்தில் குறுவை அறுவடைக் காலத்திலும், தையில் சம்பா அறுவடைக் காலத்திலும் சாலையின் பாதியில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். அந்தத் தூசும் சுணையும், இரவில் விளக்குக்கு வரும் புகையான் பூச்சியும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரின் (ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் பகுதி) முன்னால் படிந்து கம்பளம் விரித்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரிந்தாலும், அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள சந்தில்தான் குப்பை அடைந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சினால் வந்த வழியே போய்விடும். வாட்டர் சர்வீஸ் செய்பவர்கள் முன்னாலிருந்து அதிக அழுத்தத்தில் அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போவதோடு, மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்றே நுழையாமல் போய்விடும். நீடாமங்கலம் கேட்டில் நிற்கும்போது மட்டும் சூடேறுவதற்கு எலி ஒரு காரணம் என்றால், இது மற்றொரு காரணமாக இருக்கலாம்.

மற்றொன்று, இறக்கிய பழைய கூலன்ட். அதை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள், கொல்லையிலும் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் ஆடும் தேடி வந்து நக்கும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் வருகிற காலத்தில் வாய்க்காலில் கொட்டினால் யார் தலையில் விடியும் என்று சொல்ல முடியாது. பேசினில் இறக்கியதைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதுகூட ஆபத்து. உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே விஷம் என்று எழுதி, பழைய ஆயிலைச் சேர்த்து வைத்து முறையாக அகற்றும் பெரிய பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தவறிக் குழந்தைகள் குடித்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி):

நன்றி ஐயா. இன்னும் ஒரே ஒரு கேள்வி அண்ணா. நிரப்பிய பிறகு டப்பாவில் கொஞ்சம் குறைந்தால் தண்ணீரை மட்டும் ஊற்றலாமா, அல்லது மறுபடி கெட்டிக் கூலன்ட்டைக் கலக்க வேண்டுமா?

பட்டறைத் திண்ணை (மன்னார்குடி):

மேல் நிரப்புக்கு அதே வகையில் ரெடிமேடாகக் கலந்து வரும் புட்டி ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். தண்ணீரே சேர்க்காமல் அப்படியே டப்பாவில் ஊற்றலாம். கோடையில் சில மாதங்களுக்கு ஒருமுறை அரை விரற்கடை இறங்கினால் கவலைப்பட வேண்டாம். வாரத்துக்கு வாரம் இறங்கினால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வண்டியை இங்கே கொண்டுவாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, பானட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். எந்த வகைக் கூலன்ட் என்பதையும் அதிலேயே எழுதினால், அடுத்து யார் கைக்கு வண்டி போனாலும் வேறு வகையைக் கலக்கமாட்டார்கள்.